ஆறுக்கு நாலு அலைத்தொட்டி: கடலரிப்பைச் சொல்லிக்கொடுக்க வாங்கலாமா?

மதுரையில் பள்ளி ஆய்வகச் சாமான் செய்யும் பட்டறை ஒன்று புவியியல் வகுப்புக்கென்றே அலைத்தொட்டி செய்து விற்கிறது. ஆறடி நீளம், நாலடி அகலம், பத்து அங்குல ஆழம். ஒரு நீளப் பக்கத்தில் மணலைக் கொட்டிக் கரை அமைக்க வேண்டும். எதிர்ப் பக்கத்தில் மோட்டாரில் ஆடும் பலகை அலை எழுப்பும். வண்டி வாடகை நீங்கலாக 42,000 ரூபாய்.

கடலைப் பார்க்க மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊர் இது. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் அலை அரிமானம் வரும்போது பிள்ளைகள் கடல் ஓங்கல் (கடலோரச் செங்குத்துப் பாறை), கடல் தூண் என்று பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் யார் மறிக்கிறார்கள் என்பதைப் படத்தில் காட்டுவது கஷ்டம். இந்தத் தொட்டி அதைக் காட்டுகிறது. அலையும் பலகையும் நன்றாக வேலை செய்கின்றன. கூடவே தரும் மணல் மோசம், கையேடு அதைவிட மோசம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மணலை மாற்றி, கையேட்டை ஓரமாக வைத்துவிட்டால் நாலரை.

என்னென்ன வருகிறது

18 மி.மீ. மெரைன் பிளைவுட் தொட்டி, உள்ளே எஃப்.ஆர்.பி. (ஃபைபர் கிளாஸ்) பூச்சு. ஒரு குறுகிய பக்கம் மட்டும் 8 மி.மீ. அக்ரிலிக் தகடு; கரையின் குறுக்குவெட்டை அதன் வழியே பார்க்கலாம். ஒன்றரை அங்குல சதுரக் குழாயில் ஆறு காலுள்ள சட்டம். நாலடி நீள அலைப் பலகை அடியில் கீல் போட்டிருக்கிறது. 12 வோல்ட் கியர் மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, மோட்டார் தட்டில் மையத்திலிருந்து 1, 2, 3 செ.மீ. தள்ளி மூன்று துளைகள். பிறகு தூண்டில் வளைவுக்கு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) நான்கு அக்ரிலிக் பலகை, துறைமுகத்துக்கு ‘ட’ வடிவத் துண்டு இரண்டு, ஒரு தடுப்புச் சுவர், பவளத்திட்டுக்கு ஒரு ரப்பர் பாளம், இரண்டு மூட்டை மணல்.

மூன்றடி வாசலில் தொட்டி நேராக நுழையாது, சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். நாலு ஆள் தேவை. நிரப்பிய பிறகு மணல் 100 கிலோ, தண்ணீர் 170 லிட்டர், தொட்டியின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தாண்டும். மாடி வகுப்பறை என்றால் அறையின் நடுவில் போடாமல், உத்தரம் ஓடும் இடத்தில் சுவரோரம் போடுங்கள். நிரப்பியபின் ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. பத்துப் பதினோரு குடம் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அக்ரிலிக் மூட்டின் சிலிக்கான் பிரிந்துவிடும்.

மணல்தான் பாதிக் கருவி

மூட்டையில் வருவது எம்-சாண்ட். கட்டட வேலைக்கு நல்ல பொருள்; இங்கே உதவாது. கல்லை உடைத்துச் செய்வதால் ஒவ்வொரு துகளுக்கும் கூரான மூலை இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு நிற்கும், அலை இழுத்தாலும் உருளாது. அதிலும் நாலரை மில்லிமீட்டர் வரை துகள் கலந்திருக்கும். இரண்டு செ.மீ. உயர அலைக்கு அது மணலே அல்ல, பாறாங்கல். அரை மணி நேரம் ஓட்டினாலும் கரை அசையாது. “மிஷின் வேலை செய்யவில்லை” என்று பட்டறைக்குப் போன் போகும். பூச்சுக்கு விற்கும் பி-சாண்டும் உடைத்த மணல்தான். அதில் தூள் அதிகம், தண்ணீர் பால் போலக் கலங்கிவிடும்.

வேண்டியது 0.15 முதல் 0.3 மி.மீ. அளவுள்ள, உருண்ட மணல். தண்ணீர் வடிகட்டிகளுக்கு விற்கும் சிலிக்கா மணலில் ஆக நைசான ரகத்தைக் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே கையில் இருக்கும் ஆற்று மணலையும் பயன்படுத்தலாம்: மாவு சலிக்கும் நைஸ் சல்லடையில் இறங்கியதை மட்டும் எடுத்து, வாளியில் போட்டுக் கலக்கி, கலங்கல் நீரை இறுத்துக் கொட்டுங்கள். ஆறேழு தடவை கழுவினால் தண்ணீர் தெளியும். கழுவாமல் போட்டால் களி துகள்களை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். கரை அரிக்காமல் கட்டி கட்டியாக விழும். ராமேசுவரம் போய்வரும்போது ஒரு மூட்டை அள்ளி வரலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அரிப்பைப் பாடமாக நடத்த அந்தக் கரையிலேயே கை வைப்பது நியாயமில்லை. உப்பு மணல் கீலையும் மோட்டார் தண்டையும் துரு ஏற்றும் என்பதும் உண்டு.

மணலை இதற்கு மேலும் பொடியாக்கினால் இன்னும் வேகமாக அரிக்குமே என்று தோன்றும். 0.1 மி.மீ.க்குக் கீழே போனால் மணலின் குணமே மாறிவிடும்; நீரில் மிதந்துகொண்டே இருக்கும், படியாது. அலையைச் சிறிதாக்கலாம், தண்ணீரைச் சிறிதாக்க முடியாது. அதனால் இந்தத் தொட்டி மெரினாவின் நூற்றில் ஒரு பங்கு மாதிரி என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். எது எந்தப் பக்கம் நகரும், எங்கே குவியும், எங்கே குறையும் என்பது இதில் சரியாக வரும். எவ்வளவு, எத்தனை வருஷத்தில் என்ற கணக்குக்கு இது உதவாது.

கரை கட்டும் விதம்

மணலை ஈரமாக்கிவிட்டுக் கொட்டுங்கள். காய்ந்த மணலில் தண்ணீர் ஏறும்போது உள்ளே காற்று அடைபட்டு, கரை திடீரென உட்காரும். பிள்ளைகள் அதையே அரிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். பின்சுவர் ஓரம் 15 செ.மீ. உயரம், அங்கிருந்து 45 செ.மீ. தூரத்தில் பூஜ்யம் என்று சரிவு வரட்டும். ஒரு ரீப்பர் கட்டையால் இழுத்துச் சமன் செய்து, கொத்தனாரின் மட்டப்பலகையால் லேசாகத் தட்டுங்கள். தண்ணீரை ஆழமான பக்கத்தில், ஒரு தட்டின் மேல் விழுமாறு ஊற்றி 9 செ.மீ. வரை நிரப்பவும். கார்ப்பரேஷன் தண்ணீர் நல்லது. போர் தண்ணீர் என்றால் ஒரே மாதத்தில் அக்ரிலிக்கில் வெள்ளைக் கறை படியும், குறுக்குவெட்டு தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் வேகமாக வற்றும். தினமும் மட்டத்தைப் பார்த்து ஊற்றுங்கள். அரை செ.மீ. குறைந்தாலும் அலை உடையும் இடம் தள்ளிப்போகும்.

தொட்டியின் இரண்டு குறுகிய ஓரங்களிலும், பலகைக்குப் பின்னாலும் தேங்காய் நாரைக் கட்டையாகக் கட்டி வையுங்கள். பட்டறைக்காரர்கள் இதைத் தருவதில்லை, சொல்வதும் இல்லை. நார் இல்லாவிட்டால் அலை சுவரில் மோதித் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து குறுக்கும் நெடுக்குமாகக் கொப்பளிக்கும். எந்த அலை எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே திருகில் இரண்டு கடல்

தொட்டியில் ஆக அழகான விஷயம் இது. நடுத் துளையில் கம்பியை மாட்டி, நிமிடத்துக்கு 75 தடவை பலகை ஆடும்படி திருகை வையுங்கள். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. உயரத்தில், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 70 செ.மீ. இடைவெளியோடு சோம்பலான அலைகள் வரும். பத்து நிமிடம் ஓடட்டும். அலை நாக்கு மணலை ஏந்திக்கொண்டு மேலே ஏறும். திரும்பும் நீரில் பாதி மணலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் இழுக்கும் பலம் குறைவு. நீர்விளிம்புக்குச் சற்று மேலே விரல் கனத்துக்கு ஒரு மேடு எழும்பியிருக்கும்.

இப்போது துளையை மாற்றாமல், திருகை மட்டும் 120க்கு ஏற்றுங்கள். அலையின் உயரம் மூன்று செ.மீ.க்கு மேல் போகும், இடைவெளி பாதியாகக் குறையும். அந்த அலை செங்குத்தாக எழுந்து தலைகீழாக விழும். ஒன்று வடிவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் மணல் ஊறிப்போய் நீரை உறிஞ்சாது. முழு நீரும் மணலை வாரிக்கொண்டு இறங்கும். பத்து நிமிடத்தில் கட்டிய மேடு காணாமல் போய், அலை உடையும் இடத்தில் நீருக்கடியில் ஒரு வரப்பு உருவாகியிருக்கும். மறுபடி 75க்கு இறக்கினால் அந்த வரப்பு மெதுவாகக் கரைக்குத் திரும்பும்.

இதைப் பார்த்த பிள்ளைக்கு ஒன்று நிச்சயம் புரியும்: கரை வருஷத்தில் சில மாதம் மெலிவதும் சில மாதம் தேறுவதும் அரிப்பு அல்ல, கடலின் மூச்சு. போன மணல் பக்கத்திலேயே, தண்ணீருக்குள் இருக்கிறது. டிசம்பரில் ஒரு படமும் மே மாதத்தில் ஒரு படமும் எடுத்துவைத்து “கடல் உள்ளே வந்துவிட்டது” என்று சொல்வதில் உள்ள தவறு இதுதான். மணல் திரும்பாமல் போகும் இடத்தில்தான் உண்மையான அரிப்பு தொடங்குகிறது.

120க்கு மேல் ஏற்றாதீர்கள். திருகு 150 வரை போகும், ஆனால் அந்த வேகத்தில் அலை மிகவும் நெருங்கி, மிகவும் செங்குத்தாகும். கரைக்கு வருமுன்னே உடைந்துவிடும்.

கையேடு தவறு செய்யும் இடம்

பலகையைச் சாய்வாகவும் மாட்டலாம். அலை கரையில் சாய்ந்து அடிக்கும்போது மணல் துகள் சாய்வாக ஏறி, நேராக இறங்கும். மறுபடி சாய்வாக ஏறும். இப்படிப் பல்வரிசையாகக் கரையோரமே நடந்து போகும். ஒரு கைப்பிடி மணலில் மஞ்சள் தூளோ கோலப்பொடிச் சாயமோ ஏற்றி, காயவைத்து, நீர்விளிம்பில் ஒரு கோடாகப் போட்டால் அந்த நடையைக் கண்ணால் பார்க்கலாம்.

கையேட்டுப் படத்தில் மணல் வலப்பக்கம் நகர்கிறது. நம் கிழக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் வடக்கு இடக்கைப் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்றில், அதாவது சோழகம் அடிக்கும் மாதங்களில், மணல் வடக்கே போகும். வாடையடிக்கும் மாதங்களில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் தமிழகக் கிழக்குக் கரையின் பெரும்பகுதியில் மிச்சம் வடக்கு நோக்கித்தான். ஆகவே பலகையின் வலது முனை கரைப்பக்கம் முன்வரும்படி 15 டிகிரித் துளையில் மாட்டுங்கள்; மணல் இடப்பக்கம் நகரும். எதிர் முனையில் கொண்டியை மாற்றினால் வாடைக்காலம். 30 டிகிரிக்கும் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். அதில் மாட்டினால் நாலடிப் பலகையின் முனை மணலையே தொட்டுவிடும். தொட்டி இன்னும் ஓரடி அகலமாக இருந்திருக்க வேண்டும். பலகைக்கும் மணலடிக்கும் இடையே இரண்டடிதான் இருக்கிறது, ஓர் அலை முழுதாக உருவாகக்கூட இடம் இல்லை.

இப்போது பெரிய தவறு. 15 டிகிரியில் இருபது நிமிடம் ஓட்டினால் வலது ஓரத்தில் கரை பள்ளமாகும், இடது ஓரத்தில் குவியும். நடுவில் தூண்டில் வளைவு எதையும் வைக்காமலே இது நடக்கும். கையேடு இந்தப் பள்ளத்தைக் காட்டி, ‘அலையின் தாக்குதலால் கரை அரிக்கப்படுகிறது’ என்கிறது. அது தப்பு. அலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது. நடுக் கரையிலிருந்து எவ்வளவு மணல் போகிறதோ அவ்வளவும் வலப்பக்கத்திலிருந்து வந்து சேர்வதால் நடுப்பகுதி அப்படியே நிற்கிறது. வலது ஓரத்துக்கு அப்பால் தொட்டிச் சுவர். அங்கிருந்து மணல் வர வழியில்லை. செலவு உண்டு, வரவு இல்லை. அதனால் பள்ளம்.

சரிசெய்வது எளிது. இடது ஓரத்தில் ஒரு தட்டைப் புதைத்து, ஐந்து நிமிடத்தில் அதில் விழும் மணலை அள்ளி அளந்து பாருங்கள். நைஸ் மணலில், 75 வேகத்தில், நிமிடத்துக்கு அரை முதல் ஒரு காபி டம்ளர் வரை வரும். அதே அளவை ஒரு மாணவர் வலது ஓரத்தில், நீர்விளிம்பில், சீராகத் தூவிக்கொண்டே இருக்கட்டும். ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. பள்ளம் நின்றுவிடும். அரை மணி நேரம் அலை அடித்தாலும் கரை நகராது. இப்போது டம்ளரை வாங்கி வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் பள்ளம் மறுபடி தோன்றும்.

அந்த டம்ளர்தான் ஆறு. டம்ளரைப் பிடுங்கிய கை அணை. மதுரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு உதாரணம் வேண்டாம். வைகை அணை 1959இல் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீர் வரும், மணல் வராது. அது அணைக்குப் பின்னால் படிந்து, நீர் நிற்கும் கொள்ளளவைத் தின்றுகொண்டிருக்கிறது. அணைக்குக் கீழே எஞ்சிய மணலைப் பல பத்தாண்டுகள் லாரியில் அள்ளினோம். வைகை எப்போதுமே கண்மாய்களை நிரப்பிவிட்டு மிச்சத்தைத்தான் ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாவில் சேர்த்த ஆறு. அதனால் அந்தக் கரையின் நிலைக்கு வைகையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஆனால் எல்லா ஆற்றுக்கும் விதி ஒன்றுதான். எகிப்தில் அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு நைல் கழிமுகத்துக்கு வண்டல் வருவது அநேகமாக நின்றுபோய், ரொசெட்டா முனையில் கடல் வேகமாக உள்ளே வந்தது. அலை அதிகமாகவில்லை. வரவு நின்றது.

இவ்வளவு நல்ல பாடம் தொட்டிக்குள் இருக்க, அதை ‘அலையின் தாக்குதல்’ என்று ஒரு வரியில் கடந்துபோவது வருத்தமாக இருக்கிறது. கடல் சீற்றம், கடல் கோபம் என்று பழியைக் கடல் மேலேயே போட்டுப் பழகிவிட்டோம். பாடப்பொருளாக விற்கும் கருவியாவது அந்தப் பழக்கத்தை வளர்க்காமல் இருக்கலாம்.

மறித்தால் என்ன ஆகும்

மணலைத் தூவிக்கொண்டே, கரையின் நடுவில் ஓர் அக்ரிலிக் பலகையைச் செங்குத்தாக இறக்குங்கள். அதன் அடி தொட்டித் தரையைத் தொட வேண்டும். மணலில் சும்மா குத்திவைத்தால் அடியில் நீர் புகுந்து, பலகை சாய்ந்துவிடும். நீருக்குள் 15 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். பத்து நிமிடத்தில் வலப்பக்கம் மணல் சேர்ந்து கரை அகலமாகும், இடப்பக்கம் அதே அளவு குடைந்துபோகும். குடைந்த இடத்தைக் காப்பாற்ற 35 செ.மீ. தள்ளி இன்னொரு பலகை வையுங்கள். குடைவு அதற்கும் இடப்பக்கம் போய் உட்காரும். மூன்றாவது பலகை வரை இதே கதை. ஒரு கிராமத்துக்குத் தூண்டில் வளைவு போட்டதும் அடுத்த கிராமம் தனக்கும் வேண்டும் என்று கேட்பது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அந்த மீனவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மறித்த மணல் அவர்களுடையது.

‘ட’ வடிவத் துண்டுகளை வைத்தால் துறைமுகம். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் 1870களில் தொடங்கிக் கட்டப்பட்டவை. தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் அதன் இரண்டு விளைவுகள். 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகம் வந்தபின் நகரத்துக் கடற்கரை போனதும் இதே கணக்குதான்: நகரம் துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. தொட்டியில் ‘ட’ துண்டுக்கு வலப்பக்கம் குவியும் மணலை டம்ளரில் அள்ளி இடப்பக்கம் போட்டால் குடைவு ஆறும். துறைமுகத்தைத் தாண்டி மணலை மறுபக்கம் சேர்த்துவிடுவது என்பது இதுதான். வருஷா வருஷம் விடாமல் செய்யவேண்டிய வேலை. ஒரு வருஷம் விட்டாலும் தெரியும். அதையும் விட்டுக் காட்டுங்கள்.

தடுப்புச் சுவர்ச் சோதனைக்கு 120 வேகம் வேண்டும். சுவரை நீர்விளிம்பில் 5 செ.மீ. ஆழம் புதைத்து ஓட்டினால், சுவருக்குப் பின்னாலிருக்கும் நிலம் பத்திரமாக இருக்கும். முன்னாலிருக்கும் மணல் இருக்காது. செங்குத்துச் சுவரில் மோதிய அலை பலம் குறையாமல் திரும்பி, சுவரடியைக் குடையும். அக்ரிலிக் வழியாகப் பார்த்தால் பள்ளம் ஆழமாவது தெரியும். பள்ளம் 5 செ.மீ.யை நெருங்கும்போது சுவர் கடல் பக்கம் சாயும். அடுத்து சுவருக்குப் பதிலாக ஜல்லிக் கற்களைச் சரிவாக அடுக்கிப் பாருங்கள். கற்களின் இடுக்கில் நீர் புகுந்து பலம் இழப்பதால் குடைவு குறையும். ஆனாலும் படகு இழுத்து வைக்க மணல் மிஞ்சாது. ஜல்லிக்கு அடியில் ஒரு துண்டுச் சாக்கை விரிக்க மறந்தால் கற்கள் ஒவ்வொன்றாக மணலில் புதையும். நிஜக் கரையில் கருங்கல்லுக்கு அடியில், நீரை விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும் ஜியோ துணியை விரிப்பதும் இதற்காகத்தான்.

தேசிய கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டு மாற்றத்தை ஆராய்ந்ததில், இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 விழுக்காடும், தமிழகக் கரையில் 42 விழுக்காட்டுக்கு மேலும் அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. கரையின் வேறு சில பகுதிகளில் மணல் சேர்ந்தும் இருக்கிறது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொட்டியை ஓட்டுவது நல்லது. குவிவும் குடைவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை அப்போது பிள்ளைகளே சேர்த்துப் பார்ப்பார்கள்.

புயலும் பவளமும்

புயலைக் காட்டத் தண்ணீரை 2 செ.மீ. கூட்டி, 120இல் மூன்று நிமிடம் ஓட்டினால் போதும். நீர்மட்டம் உயர்ந்ததும் அலை அதுவரை தொடாத மணல்மேட்டின் அடியைத் தொடும். மேடு துண்டு துண்டாகச் சரியும். இதைச் செய்யும்போது பின்சுவரை ஒட்டிக் கரை கட்டாமல், 12 செ.மீ. அகலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் உள்ள மணல் நாக்காகக் கட்டிப் பாருங்கள். அலை மேலேறி அந்தப் பக்கம் வழிந்து, வழியிலேயே ஒரு வாய்க்காலை அறுத்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மணல். பாதி மேட்டில் தேங்காய் நாரைச் சிறு சிறு கற்றையாக நட்டு, பாதியை வெறுமையாக விட்டால், அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மேட்டில் என்ன வேலை செய்கின்றன என்பதையும் காட்டலாம். கற்றைகள் சரிவைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ரப்பர் பாளத்துக்குக் கையேட்டில் அரைப் பக்கம்கூட இல்லை. பாளத்தின் மேல் 2 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி, கரையிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். மூன்று செ.மீ. அலை அதன் மேலேயே உடைந்துவிடும். பின்னாலிருக்கும் கரைக்கு வருவது நுரைதான். பாளத்தை எடுத்துவிட்டால் அதே கரை ஐந்து நிமிடத்தில் பின்வாங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீரில் மூழ்கியதற்கு, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டியது முக்கியக் காரணம். தூத்துக்குடிக்கு அருகே வான் தீவைக் காக்க இப்போது கான்கிரீட்டில் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். புதுச்சேரியில் 2018இல், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் வைத்தபின் நகரத்துக் கரையில் ஓரளவு மணல் திரும்பியது. பாளம் ஒன்றுதான் தருகிறார்கள். இரண்டாவதை டயர்க் கடையில் பழைய ரப்பரில் வெட்டிக்கொள்ளலாம்.

ஓங்கல் சரிவதைக் காட்ட வேண்டுமானால் நாலு பங்கு மணலுக்கு ஒரு பங்கு களிமண் பிசைந்து, செங்கல் உயரத்துக்கு ஒரு கட்டி செய்து நீர்விளிம்பில் வையுங்கள். அடி குடைந்து, மேல்பாதி தொங்கி, பொத்தென்று விழும். இதைக் கடைசி வகுப்பில் செய்யுங்கள், தண்ணீர் கலங்கிவிடும்.

வாங்குமுன் பட்டறையில் பேசவேண்டியவை

மின்சாரம் முதலில். 230 வோல்ட்டை 12 ஆக மாற்றும் பெட்டியைத் தொட்டிக்கு அடியில், சட்டத்திலேயே திருகி அனுப்புகிறார்கள். தண்ணீர் சிந்தும் இடத்துக்கு நேர் கீழே! இது மன்னிக்கக்கூடிய குறை அல்ல. நீளமான 12 வோல்ட் ஒயர் கேட்டு வாங்கி, பெட்டியைச் சுவரில் தலை உயரத்தில் மாட்டுங்கள். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாமல் பிள்ளைகளைத் தொட்டியில் கை வைக்க விடாதீர்கள்.

வடிகால் துளையை மணல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை திறந்ததும் மணல் அடைத்துக்கொள்ளும். ஆர்டர் கொடுக்கும்போதே பலகைப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள், கூடுதல் பணம் கேட்க மாட்டார்கள். வந்துவிட்ட தொட்டி என்றால் கொசுவலையை இரண்டு மடிப்பாகத் துளையில் கட்டுங்கள். சட்டத்தில் வெல்டிங் வைத்த இடங்களில் பெயின்ட் மெல்லிசு. ரெட் ஆக்ஸைடு ஒரு கை அடித்தபின் தண்ணீர் ஊற்றினால் துரு தள்ளிப்போகும். முதல்முறை 5 செ.மீ. மட்டும் நிரப்பி ஒரு மணி நேரம் விட்டு, அக்ரிலிக் மூட்டில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் நன்றாகக் காயவிட்டுத்தான் சிலிக்கான் வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்தது பிடிக்காது.

மணல் இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டால் விலையில் குறைத்துத் தருகிறார்கள். அந்தப் பணத்துக்கு நாரும் மாவு சல்லடையும் வாங்கிவிடலாம். வாரம் ஒரு வகுப்புக்குக் குறைவாக ஓட்டும் பள்ளி தனியாக வாங்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓர் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஓட்டாத வாரங்களில் தண்ணீரை வடித்து, மணலை அள்ளி மொட்டை மாடியில் சாக்கு விரித்துக் காயப்போடுங்கள். ஈரமாகவே விட்டால் பத்து நாளில் பாசி பிடித்து, துகள்கள் வழுவழுவென்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த வகுப்பில் கரை அரிக்காது. மறுபடி கழுவுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.